மீசையில்லாத ராணி

ஏர்வாடி பஸ்ஸில் என் முன்சீட்டில், போர் நடக்கும் வளைகுடாவிலிருந்து அன்றுதான் வந்திறங்கிய இளைஞனும் அவனை அழைத்துவரப் போன மச்சானும்.

“அப்பன் செத்தாத்தான மாப்ள நம்ம ஊர்ல மீசைய எடுப்பாக? நீ ஏன் எடுத்த?”

“மீசையோட எப்படி மச்சான் ராணி வேசம் கட்டுறது? குண்டுக்குப் பயந்து கேம்புல ஒருத்தனும் சோறு திங்கல. பெட்ஷீட்டச் சேலையாக் கட்டி, துண்டைச் சடையாப் பின்னி ஆடுனேன். பாகிஸ்தான் டிரைவருதான் ராசா. சிரிச்ச சிரிப்புல சட்டி காலி!”

“அந்த வேசத்தோடயா உங்க அய்யாவுக்கு வீடியோ கால் போட்ட?”

“சேலைய அவுத்துட்டுத்தான் போட்டேன். மீசையக் காணோம்ல! ‘நான் உசுரோட இருக்கேன், எவனுக்குலே எடுத்த?’ன்னு கத்துறாரு. ராணி வேசத்துக்குன்னு சொல்லி முடிக்கல, சைரன் அடிச்சிருச்சு. போனோட கீழ ஓடிப் பதுங்குனோம். எனக்கு அழுகையா வருது. அய்யா மெதுவா, ‘ஏலே, அந்த ராணி ஆட்டத்தை ஆடு, நான் பாக்கணும்’னாரு. சைரன் நிக்கிற வரைக்கும் ஆடுனேன் மச்சான்.”

அடுத்த நிறுத்தத்தில், முறுக்கிய மீசையோடு ஒரு பெரியவர் நடுரோட்டில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார்.

“டிரைவர் தம்பி, பாத்து நிறுத்துங்க! எங்க வீட்டு ராணி இறங்குறாக!”