துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

— உங்கட முதலாளி எதைச் சுடப் போறாரெண்டு சொல்லாமல் துவக்கைத் தா எண்டால், நான் எதைத் தம்பி எடுத்துத் தாறது?

— மானுதாண்ணே. நம்மூரு மான் இல்ல, ஆப்பிரிக்காக் காட்டு மான். முறுக்கின கொம்போட காளை மாட்டு ஒசரத்துக்கு நிக்கும்.

— எவ்வளவு தூரத்திலயிருந்து சுடுவார்?

— அவரு மேட்டுல நாற்காலி போட்டு உக்காந்துக்குவாரு. மான் அந்தாண்ட பள்ளத்துல, புதருக்குள்ள நிக்கும். அங்கருந்து கத்துனாக் கேக்காது. விசிலடிச்சாக் கேக்கும். அம்புட்டுத் தூரம்.

— அப்ப இது சரிவரும். தூக்கிப் பாருங்கோ. பயப்படாதேங்கோ, வெறுந்துவக்கு.

— நான் அர்பாப் வீட்டுச் சமையக்காரண்ணே. கார்மேகம்னு பேரு. கரண்டியத் தவிர எதையும் தூக்குனதில்ல, பாத்துக்கங்க.

— சமையல்காரனோ? போன கிழமை உங்கட அர்பாப் வந்து, "ஆனந்தராசா, என்ர ஆள் வருவான், அவன் கேக்கிற துவக்கைக் குடு" எண்டிட்டுப் போனவர். நான் பெரிய வேட்டைக்காரன் ஆரோ வரப்போறான் எண்டெல்லோ காத்துக்கொண்டிருந்தன்.

— "நீயே போயி எடு, ஒனக்கு நம்பிக்கையா இருக்கும்"னு என்னைய அனுப்பிட்டாரு.

— அவர் சுடுறதுக்கு உங்களுக்கேன் நம்பிக்கை?

— அத அப்புறம் சொல்றேன். இது என்ன, பக்கவாட்டுல கதவுக் கொண்டி மாதிரி?

— அதுதான் போல்ட். ஒரு வெடி வச்சால், அதைக் கையால உயர்த்தி, பின்னால இழுத்து, வெறுங்கோதைத் தள்ளிப்போட்டு, திரும்ப முன்னால தள்ளிப் பூட்ட வேணும். பிறகுதான் அடுத்த வெடி, விளங்குதோ? படபடவெண்டு தானாய்ச் சுடுற சாமானும் கிடக்கு. மணல் பட்டால் அது இறுகிப்போகும். தூரத்துக்குக் குறியும் இதைப்போல நிக்காது.

— இழுத்துப் பூட்ட எம்புட்டு நேரம் ஆவும்?

— பழகின கைக்குக் கண் வெட்டுற நேரம். பழகாத கைக்கு ஒரு மூச்சு.

— ஒரு மூச்சு. அதுக்குள்ள கையத் தூக்கிக் கத்தலாம்ல?

— ஆர் கத்துறது? மானோ?

— இல்ல, சும்மா கேட்டேன். இது தோள்ல ஒதைக்குமா?

— உதைக்கும். பெரிய மிருகத்தைத் தூரத்தில விழுத்திற தோட்டா. பாரம் குறைஞ்ச துவக்கெண்டால் இன்னும் கூட உதைக்கும், குறியும் விலத்திப் போகும்.

— அப்ப அதிகமா ஒதைக்கிறதையே எடுங்கண்ணே.

— தம்பி, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ? குறி தப்புற துவக்கை ஆரும் தேடி வாங்கிறதில்லை.

— குண்டு கொஞ்சம் மெதுவாப் போற மாதிரி ஏதாச்சும் இருக்கா?

— எண்பத்திமூண்டில, கலவரத்துக்குப் பிறகு, வெடிச் சத்தமே வேண்டாம் எண்டு கொழும்பை விட்டு ஓடி வந்தனான். வந்து பாத்தால் ஷார்ஜாவில துவக்குக் கடையில வேலை. வந்த நாளிலயிருந்து எல்லாரும் வேகமான குண்டுதான் கேட்டவை. மெதுவானது கேட்ட முதல் ஆள் நீங்கள். இதின்ர குண்டு சத்தத்தை முந்திப் போகும். வெடிச்சது மானுக்குக் கேக்க முன்னமே குண்டு போய்ச் சேர்ந்திடும்.

— ஆமாண்ணே. அப்படித்தான் ஆச்சு. மொதல்ல விசிலு நின்னுச்சு. அதுக்கப்புறந்தான் வெடிச்சது கேட்டுச்சு.

— என்ன விசில்?

— அந்த ஏசிய நிறுத்த முடியுமாண்ணே?

— ஏன், குளிருதோ?

— உள்ள விசிலடிக்குது. ரெண்டு சின்னது, ஒரு நீளம்.

— எனக்கு வெறும் இரைச்சல்தான் கேக்குது. சரி, நிப்பாட்டிப்போட்டன். இப்ப?

— இப்பவும் கேக்குது. விடுங்க. ரூம்ல குக்கர் வச்சாலும் கேக்குது, பைப்பத் தொறந்தாலும் கேக்குது. ஆடு மேய்க்கிறவன் விசிலு அது. வைரவனோட விசிலு.

— வைரவன் ஆர்?

— முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பய, என் ஊருக்கு அடுத்த ஊரு. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம். நான் அர்பாப் வீட்டுல அடுப்படி, அவன் தோட்டம். வேட்டைக்கு எங்களையும் ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போவாரு. நான் பள்ளத்தோரத்து டெண்டுல சோறாக்குவேன். அவன் புதருக்குள்ள நடந்து, விசிலடிச்சு, மானக் கெளப்பிவிடணும். போன குளிருக்கும் அப்படித்தான் நடந்துக்கிட்டிருந்தான்.

— சொல்லுங்கோ.

— மான் கெளம்பல. இவன் விழுந்தான்.

— கடவுளே. செத்துப்போனானோ?

— அங்கனயே பொதைச்சாச்சு. ஊர்ல அவன் பொஞ்சாதி வடிவுக்கு மாரடைப்புன்னு தந்தி குடுத்தாச்சு.

— மனுசன் நடக்கிறதுக்கும் மான் நடக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதோ அந்தாளுக்கு?

— கண்ணாடி கெட்டுப்போச்சாம்ணே. துப்பாக்கிக்கு மேல மாட்டியிருக்குமே, தூரத்துல உள்ளதப் பக்கத்துல காட்டுமே, அது. உள்ளாற பூஞ்சக்காளான் புடிச்சு மங்கிப்போச்சு, எல்லாம் பொகையாத் தெரிஞ்சுச்சு, மான்னு நெனைச்சுட்டேன்னு சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டாரு. அம்புட்டுப் பேரு முன்னாடியும் அழுதாருண்ணே. "இந்தத் துப்பாக்கியும் ஹராம், கண்ணாடியும் ஹராம், கலாஸ், முடிஞ்சுபோச்சு, இனி கையால தொட மாட்டேன்"னாரு.

— கண்ணாடி மங்கிப்போச்செண்டோ சொன்னவர்?

— ஆமா. ஏண்ணே மொகம் ஒரு மாதிரியாப் போச்சு?

— ஒண்டுமில்லை. வைரவனுக்கும் அவருக்கும் ஏதும் கொழுவல் இருந்ததோ?

— சண்டையெல்லாம் இல்ல. ஊருக்குப் போறேன்னு பாஸ்போர்ட்டக் கேட்டான். இவரு தரல. இவன் நேரா லேபர் ஆபீசுக்குப் போயி நின்னுட்டான். விசா குடுத்த கஃபீலு வேற ஆளா இருந்தா அடிச்சுத் தொவைச்சிருப்பான். இவரு கோவிக்கவே இல்லண்ணே. தோள்ல கையப் போட்டு, "இந்த ஒரு வேட்டைக்கு வந்துட்டு ஊருக்குப் போ"ன்னாரு. புதருக்குள்ள எறங்குறப்ப, தன் தலையில கெடந்த செவப்புக் கட்டத் துணிய அவுத்து அவன் தலையில கட்டியும் விட்டாரு. தூரத்துலருந்து நல்லாத் தெரியணும்னு.

— நல்லாத் தெரிய வேணுமெண்டு.

— எனக்குத்தான் ஆறல. அந்தத் துப்பாக்கிக்கு நாங்க ஒரு கொறையும் வைக்கலண்ணே. ஆயுத பூசை அன்னைக்கு அர்பாப் தொழுகைக்குப் போயிருந்த நேரம் வைரவன் அதுக்குப் பொட்டு வச்சான். வடிவு கோயில்லருந்து மடிச்சுக் குடுத்துவிட்ட குங்குமம். எண்ணெயில கொழைச்சு, "கண்ணுதானடா எல்லாத்தையும் பாக்குது, கண்ணுக்கே வைப்போம்"னு அந்தக் கண்ணாடிக்கு வச்சான். மேல வச்சா அர்பாப் பாத்துருவாருன்னு, அதத் தாங்குற வளையம் இருக்குல்ல, அதுக்கு அடியில சந்துக்குள்ள வெரலால திணிச்சான். நான் என் இட்லிச் சட்டிக்கு வச்சேன். சட்டி இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு.

— வளையத்துக்கு அடியிலயோ?

— ஆமா. அதென்ன அப்படிக் கேக்குறீங்க?

— இந்த முறை புதருக்குள்ள ஆர் நடக்கிறது?

— நாந்தேன்.

— நீங்கள் சமையல்காரன் எல்லோ?

— வடிவு கேசட்டுல பேசி அனுப்பிச்சிருந்துச்சு. "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஒரு நோவும் இருந்ததில்லையே, மெய்யா என்ன ஆச்சு"ன்னு. அழுகல. கேள்விதான். பின்னால அவன் புள்ள விசிலடிச்சுப் பழகுது. அதே விசிலு, ரெண்டு சின்னது, ஒரு நீளம். நீளத்துல மூச்சு பத்தாம நின்னு நின்னு போவுது. அன்னையிலருந்துதாண்ணே எனக்குக் கேக்க ஆரம்பிச்சுச்சு. தாங்க மாட்டாம அர்பாப்புகிட்டப் போயி, அந்தப் புள்ளைக்கு மெய்யச் சொல்லிரட்டுமான்னு கேட்டேன்.

— அவரிட்டயேயோ போய்க் கேட்டனீங்கள்?

— சோறு போடுறவருகிட்டக் கேக்காம எப்படிண்ணே சொல்றது?

— அவர் என்ன சொன்னவர்?

— கோவிக்கல. தோள்ல கையப் போட்டாரு. "இந்த வருசம் நீ நட. அவன் விழுந்த எடத்த நேர்லயே காட்டுறேன், பாத்துட்டு ஊருக்குப் போயிச் சொல்லு"ன்னாரு. எனக்குக் கண்ணாடிய நெனைச்சாத்தான் பயம். மறுபடி மங்கிருச்சுன்னா? அதையும் சொன்னேன். "அப்ப நீயே போயி எடு"ன்னாரு. துப்பாக்கி எதுன்னாலும் சரிண்ணே. மனுச மூஞ்சி மனுச மூஞ்சியாத் தெரியிற கண்ணாடி வேணும். எனக்கு அதான் உசுரு.

— பின்கதவடிக்கு வாங்கோ. இந்தாங்கோ, இதைப் பிடியுங்கோ. துவக்கில பூட்ட முதல் தனியாக் கண்ணில வச்சுப் பாருங்கோ. அந்த மணல் வெளிக்கு அங்கால, இண்டஸ்ட்ரியல் ஏரியாப் பக்கம், தண்ணித் தாங்கி ஒண்டு தெரியுதோ?

— வெறுங்கண்ணுக்குத் தீப்பெட்டி மாதிரி இருக்கு.

— இப்ப?

— ஆத்தாடி. கிட்டக்க வந்துருச்சே. கீழ ஒருத்தன் துணி தொவைக்கிறான்.

— என்ன உடுத்திருக்கிறான்?

— கைலி. பச்சக் கட்டம். கழுத்துல தாயத்துக் கயிறு.

— தலையில?

— தலையில துண்டு கட்டியிருக்கான். ஓரத்துல கிழிஞ்சிருக்கறது கூடத் தெரியிது.

— முகம் தெரியுதோ?

— மீசையில சோப்பு நொரை ஒட்டியிருக்கு. அண்ணே.

— என்ன?

— வாயக் குவிச்சு விசிலடிக்கிறான். சத்தம் வரல. ஆனா அடிக்கிறான், தெரியிது.

— புகையோ மங்கலோ ஏதும் இருக்கோ? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ தம்பி.

— ஒரு தூசு இல்ல. கழுவிவிட்ட மாதிரி இருக்கு. இதாண்ணே, இதையே மாட்டுங்க. இதுல பாத்துட்டு மனுசன மான்னு ஒருத்தன் சொன்னா, அவன நம்பவே கூடாது.

— அதைத் திருப்புங்கோ. அந்த வளையத்துக்கு அடியில என்ன இருக்கெண்டு பாருங்கோ.

— செவப்பா ஏதோ. துருவா?

— துரு எண்டுதான் நானும் நினைச்சு, துணியால துடைச்சன். வெளியில இருந்தது போயிட்டுது. சந்துக்குள்ள இருக்கிறது வரேல்லை. நகத்தால சுரண்டிப் பாருங்கோ.

— இது குங்குமம்ணே. எண்ணெயில கொழைச்சது. இது வைரவன் வச்ச பொட்டு. அந்தக் கண்ணாடி மங்கிப்போச்சுன்னாரே. யாருண்ணே இதப் பிரிச்சுச் சரி பண்ணுனது?

— ஆரும் பிரிக்கேல்லை, ஒண்டும் செய்யேல்லை. போன கிழமை பழைய துவக்கைத் தந்திட்டுப் போகேக்க உங்கட அர்பாப் சொன்னவர்: "அவன் எந்தத் துவக்கைக் கேட்டாலும் குடு, ஆனால் இந்தக் கண்ணாடியையே பூட்டு. இதில தெரியிற மாதிரி முகம் வேற எதிலயும் தெரியாது."