சுற்றாத மெஷின்

"அம்மா இருக்கிற வரைக்கும் ஓடுனா போதும்னு சொல்றாருக்கா."

லாஸ்பேட்டையில் நான் ஏறிய டவுன் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த பெண் தன் அக்காவிடம் சொன்னது இது. பேச்சு வாஷிங் மெஷினைப் பற்றி. அவள் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். தினமும் விரிப்பு துவைக்க வேண்டும்.

"தண்ணி வெளிய போவுதா?"

"போவுது. டிரம்தான் சுத்தல. பெல்ட் மாத்தியாச்சு. இப்ப மோட்டாரே போச்சாம்."

"அப்ப புதுசு வாங்கிடு."

"மெக்கானிக்கும் அதத்தான் சொன்னாரு. அதுக்குத்தான் இவரு, அம்மா இருக்கிற வரைக்கும் ஓடுனா போதும், சரிபண்ணிக் குடுன்னாரு. அத்தை காதுல வுழுந்துடுச்சு."

பஸ் சிக்னலில் நின்றது. அவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"நேத்துலேருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாங்கக்கா. குடிச்சா விரிப்பு நனையுமாம். நீ எத்தினிதான் கையால துவைப்பேன்னு கேக்கறாங்க."

பஸ் நகர்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"எங்க போற? இன்னும் சாரம் ஸ்டாப்பே வரல."

"மெஷின் கடை இங்கதான இருக்கு. சாயங்காலத்துக்குள்ள புதுசை வீட்டுல எறக்கச் சொல்லணும்."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"வந்து பாத்துக்கட்டும்" என்று படியில் இறங்கினாள். அக்காவும் பின்னாலேயே இறங்கினாள்.