நான்கு சிலிண்டருக்கும் நான்தான்

ஃபேனுக்கு நேராக நகர்ந்து உட்காருங்கள், ராஜபாண்டி தம்பி. ஊருக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிற திருப்பூருக்கு வந்து, போட்டிருக்கிற பனியன் நனைய நிற்கிறீர்கள். பார்க்கிறவர்கள் எங்கள் துணி வேர்வையை இழுக்காது என்று நினைத்துவிடுவார்கள்.

"முதலாளியத் தவிர இந்த ஷெட்டுக்குள்ள யாரும்மா வந்து போறது?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பின் கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தீர்கள். மரியாதை தெரிந்த பிள்ளை. நான் வந்து போவேன், தம்பி. மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணசரும் நேரத்தில்.

கம்பெனியை மகனிடம் ஒப்படைத்த மறுவாரமே என் வீட்டுக்காரர் இந்த ஜீப்பை வாங்கி வந்தார். தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி. என்னைவிட மூத்தது. கோழியை இறக்கிவிட்டு, கயிறு கட்டி இழுத்து வந்து, முற்றத்தில் நிறுத்தி, பானெட்டைத் தட்டி, "வந்துட்டியா கண்ணு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும். பொறாமை என்று நினைக்காதீர்கள். இரும்பைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

எஞ்சின் வேலை டேனியலுக்குப் போனது. மங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர். பழைய வண்டி என்றால் கோயமுத்தூரிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். சிலிண்டரை உள்ளே கல்லால் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டு ஏற்றினார். கேஜ் வைத்து உள்ளே காற்று எவ்வளவு அழுந்துகிறதென்று கம்ப்ரஷன் பார்த்தபோது நான்கு சிலிண்டரிலும் முள் ஒரே இடத்தில் போய் நின்றது. "இனி உங்க பேரன் காலத்துக்கும் ஓடுமுங்க" என்றார் டேனியல். அவருக்குக் கேசரி செய்து கொடுத்தேன்.

அதன்பிறகு என் வீட்டுக்காரரை வீட்டில் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. காலையில் சிநேகிதர் மகுடேஸ்வரனை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். பேச்செல்லாம் கியரும் கிளட்சும். அப்புறம் வால்பாறைக்குப் போகிறேன் என்றார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர் அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறுவதா? நான் சொன்னால் சண்டை வரும். எனக்குச் சண்டை பிடிக்காது. அதனால் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் வேலம்பாளையத்தில் எங்கள் முதல் யூனிட்டில் கட்டிங் நான்தான் பார்த்தேன். துணி வெட்டுகிற மிஷினில் கத்தியைத் தீட்ட எமரி பட்டை ஒன்று ஓடும். அதிலிருந்து உதிரும் தூள் பவுடர் மாதிரி இருக்கும், ஆனால் கத்தியையே தின்றுவிடும். கம்பெனிக்குப் போய் ஒரு பழைய பவுடர் டப்பாவில் கொஞ்சம் அள்ளி வந்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்ற ஒரு திருப்பு போதும், கீழே எஞ்சின் மூச்சிழுக்கிற கார்புரேட்டர் வாய். ரசத்துக்கு மிளகு தூவுகிற அளவுதான் போட்டேன். எதையுமே அளவாகச் செய்வது என் சுபாவம்.

கொஞ்ச நாளில் ஜீப்புக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரயில்வே மேம்பாலம் ஏறவே நீலப் புகை விட்டது. டேனியல் வந்து பிளக்கைக் கழற்றி கேஜ் வைத்தார். முள் பாதியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் துளி ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். முள் ஏறியது. வால்வு கோளாறென்றால் ஆயிலுக்கு மசியாதாம். ரிங் தேய்ந்திருந்தால், ஆயில் போய் அந்த இடுக்கை அடைத்துக்கொண்டு முள்ளை ஏற்றிவிடுமாம். பக்கத்தில் மோர் டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகான சோதனை.

எஞ்சினைப் பிரித்தார். சிலிண்டர் சுவரெல்லாம் கீறல். வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "போர் அடிச்ச கல்லுத் தூளச் செரியாக் கழுவாம மாட்டிட்டனாட்ட இருக்குதுங்க" என்றார். என் தூளுக்கு அவரே இப்படி ஒரு பெயர் வைத்துக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். வெள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்து, அழுக்குப் படாத துணியை என் வீட்டுக்காரரிடம் விரித்துக் காட்டிவிட்டுத்தான் பிஸ்டனை இறக்கினார். பனியன் வேஸ்ட்டில் நல்ல வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது நான். அந்த ரிங்கும் தேய்ந்தது. மூன்றாம் தடவை சிலிண்டருக்குள் இருக்கிற ஸ்லீவ் குழாயையே மாற்றினார். அதற்கும் அதே கதி.

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் வாசலில் நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டார். "உனக்குக் கண்ணு போச்சாட்ட இருக்குது டேனியலு. ஊட்டுல போயி உக்காரு." நம் ஊரில் பேச்சு சாயத் தண்ணீர் மாதிரி, எங்கே விட்டாலும் பரவிவிடும். பட்டறைக்கு வண்டி வருவது நின்றது.

ஒரு நாள் அவர் இல்லாதபோது டேனியல் என்னைப் பார்க்க வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"கையி செரியில்லீங்கம்மா. நெட்டு முடுக்குனதா இல்லையான்னே மறந்து போகுதுங்க. ராத்திரி எந்திரிச்சு உக்காந்து யோசிக்கறனுங்க, எங்க தப்பு உட்டேன்னு. முதலாளிகிட்ட நீங்கதான் சொல்லோணும், மன்னிச்சுக்கச் சொல்லி."

எனக்கு மனசே கேட்கவில்லை. "வயசானா ஆருக்கும் வர்றதுதானுங்கண்ணா. மனசுல வெச்சுக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னேன். அதோடு விட்டுவிடவில்லை. மகனிடம் சொல்லி, இதே தெருக்கோடியில் இருக்கிற எங்கள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தேன். யூனிஃபார்முக்கு அளவெடுத்ததுகூட நான்தான். நன்றாகப் பொருந்தியிருக்கிறது. போன வாரம் ஜெனரேட்டர் நின்றபோது எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்களாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொட்டா கெட்டுப் போகுமுங்க" என்று ஒதுங்கி நின்றாராம். பொறுப்பான மனிதர்.

என் வீட்டுக்காரரும் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். சத்தம் இல்லை. டிவி முன்னால் உட்காருகிறார். என்ன ஓடுகிறதென்று கேட்டால் தெரியாது. வால்பாறைப் பேச்சே எடுப்பதில்லை. இதையெல்லாம் பார்த்து நிம்மதியாக இருந்தபோதுதான், எனக்குத் தெரியாமல் பல்லடத்திலிருந்து உங்களை வரவழைத்துவிட்டார்.

நீங்கள் கெட்டிக்காரர். போர் அடித்த தூள் சிலிண்டரில் தங்கலாம், கார்புரேட்டர் வாய்க்கு எப்படி ஏறும் என்று யோசித்தீர்கள் அல்லவா? டேனியலுக்கும் அது தெரியாமல் இருக்காது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் மேலே பார்க்கவில்லை.

மறைக்க ஒன்றும் இல்லை. நான்கு சிலிண்டருக்கும், மூன்று தடவையும் நான்தான். என் வீட்டுக்காரர் உயிருக்காகத்தான் செய்தேன். ஜீப் ஓடிய முதல் நாள், "ஏறு கலா, சும்மா அவினாசி வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று என்னைத்தான் கூப்பிட்டார். "எனக்கு இடுப்பு வலிங்க, நீங்க போங்க" என்றேன். எந்தப் பெண்பிள்ளை முதல் தடவையிலேயே ஏறி உட்காருவாள்? சரி என்று சொல்லிவிட்டு மகுடேஸ்வரனுக்குப் போன் போட்டார். புதுப் புடவைதான் கட்டியிருந்தேன். அதைப் போய் ஒரு காரணமாக நினைத்துவிடாதீர்கள். சும்மா ஞாபகம் வந்தது, சொன்னேன்.

நான் உள்ளே காப்பி கலக்கும்போது நீங்கள் போனில் டேனியலை வரச்சொன்னது கேட்டது. அதோ, டேனியல் வருகிறார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார், பாருங்கள். தன் கையில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்.

அந்த நல்ல செய்தியை நானே சொல்கிறேன், தம்பி. நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.