ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்

2025 ஓகஸ்ட் 19, செவ்வாய்

இன்று ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடித்தேன். புதுக் கணினியைப் பாகம் பாகமாகப் பூட்டியபோது இரண்டு ரேம் துண்டுகளையும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களில் செருகியிருக்கிறேன். இடையில் ஒரு பள்ளம் விட்டுச் செருகியிருக்க வேண்டும். பக்கத்தில் செருகினாலும் கணினி ஓடும். ஆனால் பெரிய படங்களைத் திறக்கும்போது ஒரு திணறல் இருக்கும். அந்தத் திணறலுக்கு நான் இவ்வளவு நாளும் மென்பொருளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று கடை பூட்டு என்பதால் பெட்டியைக் கழற்றிப் பார்க்க நேரம் கிடைத்தது. மாற்றிச் செருகிய பிறகு திணறல் போய்விட்டது.

அன்றன்று செய்த வேலையையும் விட்ட பிழையையும் எழுதச் சொல்லி மாலைக் கணினி வகுப்பில் நிசாந்தினி மிஸ் சொல்லியிருக்கிறா. அப்படியென்றால் கடை ஏன் பூட்டியிருக்கிறது என்பதையும் எழுதத்தான் வேண்டும். கடை முதலாளி ஜோர்ஜ் அண்ணை சனிக்கிழமையிலிருந்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். இதைப் பற்றி என்னிடம் இன்னும் ஒருவரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும். அதற்காகத் தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகிற வீதியில், நான் வேலை செய்கிற அண்ணையின் ஸ்ரூடியோ இருக்கிறது. முன்னறையில் படம் எடுப்பது, நடு அறையில் கணினி வேலை, பின்னறை அவருடைய வீடு. கலியாணம் கட்டாத மனிதர். சுவிசிலிருந்து வந்த ஒரு வேலணைக் குடும்பம் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் படம் எடுக்க எங்களை ஒழுங்கு செய்திருந்தது. அல்பத்தோடு ஆளுயரப் படங்களும் கேட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பழைய கணினி கையை விரித்துவிட்டது. "படிக்கிற பிள்ளை நீர். நீரே பாத்து எடும். எனக்கு உதுகள் விளங்காது" என்றார் அண்ணை.

அதற்கு முன் என்னை நம்பி ஒருவரும் ஒரு பொருளைத் தெரிவு செய்ய விட்டதில்லை. பள்ளிக்கூடப் பை கூட அக்காமார் கொண்டுதிரிந்து முடித்ததுதான் எனக்கு வந்தது. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் திரும்பத் திரும்ப யோசித்தேன். படவேலைக்கு விளையாட்டுக்காரர் வாங்கும் பெரிய கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. நல்ல புரோசசர், தாராளமான ரேம், மென்பொருளுக்கு ஒரு வேகமான டிஸ்க், எடுத்த படங்களை அப்படியே வைக்க இன்னொரு டிஸ்க் போதும். கரண்ட் போனாலும் வேலை அழியாமல் இருக்க ஒரு யூபிஎஸ். உப்புக்காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் துருவேற்றிக் கறளாக்கிவிடும் என்பதால் வடிகட்டி போட்ட பெட்டி. மிச்சத்தை எல்லாம் மொனிட்டரில் போட வேண்டும் என்பது என் முடிவு. நிறத்தைச் சரியாகக் காட்டாத மொனிட்டருக்கு முன்னால் இருந்து செய்கிற வேலை வேலையே இல்லை.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர், "தங்கச்சி, இந்தப் பெட்டியைக் கொண்டு போம். எல்லாக் கலரிலயும் மினுங்கும்" என்றார்.

"மினுங்கிறது கோயில்ல இருக்கட்டும் அண்ணை. எனக்குத் தோல் நிறம் தோல் நிறமாத் தெரிஞ்சாப் போதும்" என்றேன்.

மொனிட்டரை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். மண்டைதீவுப் பக்கம் வந்ததும் கடற்காற்று அடித்தது. யன்னலை இழுத்துப் பூட்டினேன். பின்னால் இருந்தவர்கள் வேர்த்து ஒழுகி என்னை ஏசினார்கள். நான் திறக்கவில்லை.

அடுத்த நாள் முழுக்க நான் மேசைக்குக் கீழேயே இருந்ததைப் பார்த்து அண்ணை சொன்னார்: "உந்தப் பெட்டிக்கு நீர் காட்டுற அக்கறையைப் பாத்தா, உமக்கு மாப்பிளை தேடத் தேவையில்லைப் போல. உதையே கட்டி வைச்சிடலாம்."

அப்போதே அவருக்குக் கண் கொஞ்சம் மஞ்சள். ஊர் டொக்டர் பார்த்துவிட்டு, ஈரலில் கோளாறு போலத் தெரிகிறது, யாழ்ப்பாணம் போய் முழுதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். அல்பம் முடியட்டும் என்று அண்ணை தள்ளிப்போட்டார். இது அவருடைய அக்காவுக்குத் தெரியவந்தது. அன்ரனிட்டா அக்கா லண்டனில் நேர்ஸ். என்னுடைய போனுக்கே எடுத்தா.

"வதனி, உவன்ர வாயில உண்மை வராது. வீடியோவில பாத்தா முகம் ஒருநேரம் நீலம், ஒருநேரம் மஞ்சள். நீர் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்சு வந்த உடன, பகல் வெளிச்சத்தில, நல்ல கமராவில அவன்ர முகத்தையும் கண்ணையும் எடுத்து அனுப்பும். மஞ்சள் கூடினா அண்டைக்கே கடையைப் பூட்டி ஆளை யாழ்ப்பாணத்துக்கு ஏத்த வேணும். பிந்தினா ஈரல் தாங்காது. விளங்குதோ?"

"ஓம் அக்கா."

"படத்துக்கு ஒண்டும் செய்யாதையும். எடுத்த மாதிரியே அனுப்பும்."

முதல் ஞாயிறு நடந்தது உண்மையாகவே ஒரு பிழை. எங்கள் நடு அறைச் சுவருக்கு யாரோ ஒருகாலத்தில் மஞ்சள் அடித்திருந்தார்கள். படத்தில் அண்ணையின் முகம் மஞ்சளாக இருந்தது. சுவரின் நிறம்தான் முகத்தில் தெறிக்கிறது என்று நினைத்தேன். நிறம் பிழைத்த படத்தை அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. மஞ்சளைக் குறைத்து அனுப்பினேன். அக்காவின் குரல் பதிவு உடனே வந்தது. மாதாவுக்கு நன்றி சொல்லி அழுதா. அதை அண்ணைக்குப் போட்டுக் காட்டினேன். அன்று மத்தியானம் எனக்கும் சேர்த்து அவரே கணவாய் சமைத்தார்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. சுவர் அப்படியே இருந்தால் சாமத்தியவீட்டுப் படங்களிலும் நிறம் பிழைக்கும். அந்தக் கிழமையே சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். படவேலை செய்கிற அறைக்கு அதுதான் ஏற்ற நிறம். மிஸ்ஸிடம் நிறம் அளக்கும் கருவி இரவல் வாங்கி மொனிட்டரின் நிறத்தையும் ஒழுங்குபடுத்தினேன். அடுத்த ஞாயிறு அண்ணையின் தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன்.

மொனிட்டரில் தாள் வெள்ளையாக இருந்தது. கண் மஞ்சளாக இருந்தது.

எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை அனுப்பினால் என்ன நடக்கும் என்று ஒழுங்காக யோசித்தேன். பின்னேரப் பஸ்ஸிலேயே அண்ணை போய்விடுவார். கடை பூட்டப்படும். எப்போது திறக்கும் என்று சொல்ல ஏலாது. சுவிஸ்காரர் அல்பத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள். கணினி பூட்டின அறையில், உப்புக்காற்றில், ஒருவரும் தொடாமல் கிடக்கும். நான் அதில் இன்னும் ஒரு வேலையைக்கூட முடித்திருக்கவில்லை.

அதோடு முதல் ஞாயிறு அனுப்பிய படம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், ஒரே கிழமையில் ஆள் விழுந்துவிட்டார் என்று அக்கா பதறுவா. அல்லது நான் கைவைத்ததைக் கண்டுபிடிப்பா. இரண்டும் வீண் குழப்பம். அல்பம் முடியுமட்டும் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன்.

முகம் முழுவதிலும் கைவைப்பது மொட்டை வேலை. கண்ணின் வெள்ளையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தேன். கண்ணிமை ஓரத்தில் வெட்டுத் தெரியாமல் மென்மையாக்கினேன். மஞ்சளை இறக்கினேன். முழுதாக எடுக்கவில்லை. பார்க்கப்போகிறவ நேர்ஸ், ஒரேயடியாக வெள்ளைவெளேரென்று இருந்தால் சந்தேகப்படுவா. மெல்லிய சிவப்பு நரம்புகளை அப்படியே விட்டேன். பிறகு தோல். ஊரில் எல்லோருமே, "பிள்ளை, கொஞ்சம் வெள்ளையாக்கித் தாரும்" என்று கேட்டுத்தான் படம் எடுக்க வருவார்கள். எங்கள் தொழிலில் முதல் பழகுகிற வேலையே அதுதான். நான் வெள்ளையாக்கவில்லை. அண்ணையின் பழைய நிறத்துக்குத் தக்கதாகக் கறுப்பாக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஞாயிறுகள் போயின. அண்ணை கைகளைச் சொறியத் தொடங்கினார். நுளம்புக் கடி என்றார். உடம்பு மெலிந்து சேட்டுத் தோள் இறங்கியது. படத்தில் கன்னத்து நிழலையும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் மீன்பிடிக்காரர் பஸ்ரியாம்பிள்ளை பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார்.

"என்ன ஜோர்ஜ், சாமத்தியவீடு அந்தப் பெட்டைக்கோ உனக்கோ? மஞ்சள் பூசி முழுகினவன் மாதிரி நிக்கிறாய்."

"போ காணும். லண்டன் நேர்ஸ் ஒராள் கிழமைக்குக் கிழமை படம் பாத்து எனக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லியிருக்கிறா. நீ என்ன, கடல் டொக்டரோ?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பாஸ்போர்ட் படத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதை அண்ணையின் மனதில் கிடந்திருக்க வேண்டும். அடுத்த நாள் காலை கழுவி மினுக்கிய சேட் போட்டு, டொக்டர் தந்த துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முன்னறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். விரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"வதனி, இஞ்ச ஒருக்கா வாரும். கண் மஞ்சளாத் தெரியேல்லையோ?"

"எதில பாத்தனீங்கள் அண்ணை?"

"உந்தக் கண்ணாடியிலதான்."

"உது ரசம் போன கண்ணாடியெல்லே. இஞ்சால வாங்கோ."

அதற்கு முந்திய ஞாயிறு அனுப்பிய படத்தைத் திறந்து, கண்ணை மொனிட்டர் முழுக்கப் பெரிதாக்கினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"உது நானோ?"

"வேற ஆர்?"

"உதில நிறம் சரியாத்தான் காட்டுமோ?"

"நேற்றும் கருவி வைச்சு அளந்தனான் அண்ணை."

அவர் கனநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப கண்ணாடியைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும்" என்றார். யாழ்ப்பாணம் போகிற பஸ் வீதியில் ஹோன் அடித்துக்கொண்டு போனது. அவர் சேட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு வந்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார்.

இந்தப் பேச்சை நான் பலமுறை நினைத்துப் பார்த்துச் சரிபிழை தேடியிருக்கிறேன். அதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கண்ணாடி ரசம் போனதுதான். மொனிட்டரை அளந்ததும் உண்மைதான். படத்தில் இருந்தவரும் அவர்தான்.

அல்பம் முடிந்தது. சுவிஸ்காரர் தடவித் தடவிப் பார்த்தார்கள். பிள்ளையின் அம்மா, கொழும்பிலும் இப்படி நிறம் வராது என்றா. அன்று பின்னேரம் அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவும் நினைத்தேன். ஆனால் அந்த அல்பத்தைப் பார்த்த இன்னொரு குடும்பம் கலியாண வேலை கொண்டுவந்தது. அதையும் முடித்துவிட்டுச் சொல்வது ஒழுங்காக இருக்கும் என்று பட்டது.

சனிக்கிழமை காலை நான் கடைக்குப் போனபோது அண்ணை கமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்து, "அக்கா, எப்ப வந்தனீ?" என்று கேட்டார். நான் வதனி என்றேன். "அக்கா, எனக்கு நித்திரை வருது" என்றார். பிறகு வாயால் இரத்தம் வந்தது. அம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். பிந்தாமல் கூப்பிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டர் அவருடைய இமையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

"இவ்வளவு மஞ்சளுக்கு ஆள் எப்பிடி வீட்டில இருந்தவர்? எப்ப தொடங்கினது?"

"இப்பதான் கொஞ்ச நாளா மிஸ்" என்றேன்.

அதை அவ எழுதிக்கொண்டா. இது இப்போது வந்த நோயா, மாதக்கணக்காக உள்ளே அரித்த வருத்தமா என்பதைப் பொறுத்துத்தான் மருந்து என்று தாதியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இன்று மத்தியானம் அன்ரனிட்டா அக்கா விமான நிலையத்திலிருந்து எடுத்தா. "வதனி, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. படத்தில நல்லாத்தானே இருந்தவன். டொக்டர்மார் எந்தக் கிழமை மஞ்சள் கூடினது எண்டு பாக்க வேணுமாம். நீர் எடுத்த படங்களை, கமராவில இருந்த மாதிரியே, திகதிப்படி எடுத்து வையும். நாளைக்கு வந்த உடன வாங்கிக்கொண்டு போறன். நீர் ஒராள் அவனுக்குப் பக்கத்தில இருந்தது பெரிய புண்ணியம்."

"ஓம் அக்கா, எடுத்து வைக்கிறன்" என்றேன்.

தெரிந்துதான் செய்தேன். இரண்டாம் ஞாயிற்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், அவருக்கு என்ன வருத்தம் என்றும் அந்தப் படத்தை எதற்காகக் கேட்கிறார்கள் என்றும் தெரிந்துதான் மஞ்சளை எடுத்தேன். அவர் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்ட காலையில் அவரைத் திருப்பியதும் நான்தான். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எனக்குச் சந்தேகம் எல்லாம் வேறு இடத்தில். எடுத்த படங்கள் ஒரு நிறத்திலும் அனுப்பிய படங்கள் இன்னொரு நிறத்திலும் இருக்கின்றன. இரண்டையும் வைத்துப் பார்த்தால் டொக்டர்மார் குழம்பிப்போவார்கள். அண்ணை இருக்கிற நிலையில் அவருக்கு வைத்தியம் பார்க்கிறவர்களைக் குழப்பக்கூடாது.

நாளை: விடிந்ததும் கடையைத் திறந்து, இரண்டாம் டிஸ்க்கில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் எல்லாவற்றையும் அனுப்பிய படங்களின் நிறத்துக்குக் கொண்டுவந்து, அதே பெயரில், அதே திகதியில் சேமித்தல். கமராவின் மெமரி அட்டையை அழித்தல். அக்கா வந்து இறங்குமுன் பென் டிரைவில் போட்டு வைத்தல்.