பியாட்ரிஸ் கையெழுத்திட்ட தாள்

1939-ஆம் வருடம் செப்டம்பர் 7-ஆம் தேதி, வியாழக்கிழமை, பெங்களூர் தண்டு (கன்டோன்மென்ட்), மாஜிஸ்திரேட் கச்சேரியில் சொல்லி எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் தியோடர். தகப்பனார் பெயர் ஆசீர்வாதம். வயது 43. புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவன். தண்டு ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் ஹெட் கிளார்க். வாசம் காக்ஸ் டவுன். எங்கள் சபை மதுவிலக்குச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாகக் காரியதரிசி.

இறந்துபோன பியாட்ரிஸ், வயது 36, என் மனைவி. எங்களுக்கு நோரா என்று ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாள். நான் பியாட்ரிஸை அடைத்து வைத்துச் சாகடித்ததாக அவள் அண்ணன் யூஜின் மனு கொடுத்திருக்கிறார். நான் சொல்வது எனக்கே எதிராக நிற்கலாம் என்று கச்சேரியில் எச்சரித்தார்கள். தெரிந்தேதான் சொல்கிறேன்.

இந்த வருடம் ஈஸ்டர் ராப்போஜன ஆராதனையில் பியாட்ரிஸ் பாத்திரத்திலிருந்து ஒரு மடக்கு திராட்சரசம் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அவள் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. எங்கள் சங்கத் தலைவர் டென்சில் முன் வரிசையில் இருந்து பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. அதன்பின் வீட்டிலும் சாப்பிடும்போதும் துணி அலசும்போதும் திடீரென்று அவள் முகம் சிவப்பதைக் கண்டேன். குடியைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. பதினொரு வருடமாகக் குடிகாரர்களைத் தேடிப் பழகிய கண் எனக்கு.

அதன்பின் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தேன். ஒரு நாளும் நாற்றம் வரவில்லை. கிராம்பு மென்று மறைக்கிறாள் என்று நினைத்து, சமையலறையில் இருந்த கிராம்பு டப்பாவை எடுத்துப் பூட்டி வைத்தேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கென்று கொல்லைக்கு ஓடினாள். அங்கே பாட்டில் ஒளித்திருக்கிறாள் என்று கக்கூஸ் கூரை ஓடுகளைப் பிரித்துத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன். அவள் ராப்போஜனத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அதையும் குற்ற மனசு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நான் ஒரு தாள் எழுதினேன். 'நான் ரகசியமாய்க் குடித்து வந்தேன், இனிக் குடியேன்' என்பது வாசகம். கையெழுத்துப் போடாவிட்டால் நோராவைக் கோலாரில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றேன். அப்போது அவள் நோராவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "நான் குடிக்கலைங்க. ஆனா பிள்ளையை மட்டும் அனுப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சீப்பைக் கீழே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பின்னலை முடித்த பிறகுதான் அழுதாள். அந்தத் தாளைச் சங்க ஃபைலில் வைத்தேன்.

ஜூலைக் கடைசியில் அவளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் ஆரம்பித்தன. பக்கத்து டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். ஈரல் வீங்கியிருக்கிறது, குடியை நிறுத்தினால் சரியாகும் என்றார். அதன்பின் நான் ஆபீஸ் போகும்போது அவளை அறையில் வைத்துப் பூட்டினேன். அடித்தது கிடையாது. பூட்டியது உண்மை. ஆகஸ்ட் 21-ஆம் தேதி யூஜின் வந்து பூட்டை உடைத்து, அவளை ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் டாக்டர் அனந்தபத்மநாபன் ஆபரேஷன் செய்தார். சிறுகுடலில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி குடலையே மடக்கி இழுத்து அடைத்திருந்தது என்றும், ஈரல் முழுக்கக் கட்டிகள் என்றும் சொன்னார். நான் அவரிடமும் தாளைப் பற்றிச் சொன்னேன். அவர் குடலிலிருந்து எடுத்ததை மைக்ராஸ்கோப் பரீட்சைக்கு அனுப்பினார்.

ஆகஸ்ட் 31-ஆம் தேதி ரிப்போர்ட் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நர்ஸ் டோரீன் எழுதிவைத்த சார்ட்டை என் முன் போட்டார். ஒன்பது நாளில் இருபத்தாறு தடவை முகம் சிவந்தது என்று மணியோடு குறித்திருந்தது. "மிஸ்டர் தியோடர், என் வார்டுல இவங்களுக்குச் சாராயம் ஊத்திக் கொடுத்தது யாரு?" என்று கேட்டார். அதன்பின் அவர், அந்தக் கட்டிக்குக் கார்சினாய்ட் என்று பெயர், தம் சர்வீஸில் இது இரண்டாவது, மெதுவாக வளர்ந்து ஈரலுக்குப் போய்விட்டது, இனிப் பிழைக்க வழியில்லை, குடியினால் கெட்ட ஈரல் இப்படி இருக்காது என்றார். "முகம் ஏன் சிவக்குதுன்னு எந்தப் புஸ்தகத்திலயும் எனக்குக் கிடைக்கலை. குடி இல்லைங்கறது மட்டும் நிச்சயம்" என்றார். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் இவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டாள் என்றார்.

அன்றே பியாட்ரிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அந்தத் தாளைக் கொண்டாந்து என் கண்ணு முன்னால கிழிச்சிடுங்க, போதும்" என்றாள்.

ஃபைல் என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. சாவி என் கடிகாரச் சங்கிலியில் இருந்தது. ஆனால் ஃபைலில் சேர்ந்த தாளைக் கமிட்டித் தீர்மானம் இல்லாமல் எடுக்கக்கூடாது என்பது சங்க விதி. அந்த விதியை எழுதியவன் நான். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும்படி நோட்டீஸ் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை போனபோது அவள் என் கையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிடும் என்றேன். சனிக்கிழமை, செப்டம்பர் 2-ஆம் தேதி, காலை ஒன்பது மணிக்கு இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் டென்சில் வந்து, "அந்தத் தாளைக் கச்சேரியில காட்டுங்க தியோடர். அவங்களே எழுதிக் கொடுத்தது. உங்க மேல ஒரு தூசி படாது" என்றார். கமிட்டித் தீர்மானம் இல்லாமலே தாளை எடுத்துக் கொண்டுவந்து இத்துடன் கொடுக்கிறேன். ஆனால் அதற்காக அல்ல. அதிலுள்ள எழுத்து முழுவதும் என்னுடையது, பெயர் மட்டுமே அவளுடையது. அதில் சொல்லியிருப்பது பொய். குறுக்கே கோடு போட்டு, பொய் என்று எழுதி, கச்சேரி முத்திரை வைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்ட அன்று நோரா பக்கத்தில் இருந்தாள். அவளுக்குக் காட்ட வேண்டும்.

யாரும் மிரட்டாமல், ஆசை காட்டாமல், என் சொந்த மனசோடு இதைச் சொன்னேன். படித்துக் காட்டினார்கள், கேட்டேன். நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ஆ. தியோடர்