துளையை அராவி நீட்டிய மாஸ்டர்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! ஷட்டரை இறக்கிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கழுவியும் போகாத கருப்போடு வந்திருக்கும் பட்டறைக்காரர்களே! வண்டி கொடுத்தவர்களே, வாங்கிப் போனவர்களே! முன் வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் என் மகளே, என் பேத்தியே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரில் "புகைக்குழாய் வேந்தர்" என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாஸ்டர் என்று கூப்பிட்ட என் மாப்பிள்ளை இதைப் பார்த்திருந்தால், "வேந்தரா? முதல்ல அந்த ஸ்பேனரை இப்படித் தள்ளுங்க" என்றிருப்பார். ஆனாலும் பொருத்தமான பட்டம்தான். இந்த ஊரில் டர்போ வைத்த வண்டிக்கு மேனிஃபோல்ட் செய்ய வேண்டுமென்றால் வேறு யார் பட்டறைக்குப் போனீர்கள்? யார் கையை நம்பினீர்கள்? மாஸ்டர் கையைத்தானே!

நேற்று தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அம்மா, கடைசியில ஒரு உறுதிமொழி வேணும்மா. அப்பா விட்ட இடத்துல மக நிப்பான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, கூட்டமே கை தட்டும்" என்றார்.

"துக்கக் கூட்டத்துல கை தட்டலாமாப்பா?" என்று கேட்டேன்.

"அது தானா வரும்மா" என்றார்.

என் பேத்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியூரில் ஒரு தொழிற்சாலை, உலோகங்களைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்வதற்கு முன்னால் நான் இந்த மைக்கில் சொல்லிவிட வேண்டும் என்று கேட்கிறீர்கள். சரி, அந்த இடத்துக்கு வருகிறேன். முதலில் மாஸ்டரைப் பற்றிப் பேச விடுங்கள்.

இங்கே எல்லோரும் தொழில்காரர்கள் இல்லை என்பதால் சொல்கிறேன். எஞ்சினுக்குள் எரிந்த நெருப்பு நாலு வாய் வழியாக வெளியே வரும். அந்த நாலு வாயிலும் நாலு குழாய் வைத்து, நாலையும் ஒன்றாகச் சேர்த்து, அந்த வேகத்தில், எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊதித் தள்ளும் டர்போவைச் சுழல வைப்பதுதான் மேனிஃபோல்ட். டர்போவின் கனத்தையும் அதுதான் தாங்க வேண்டும். இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எரிகிற அடுப்பின் மேல் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அதன் பிழைப்பு.

அதற்கு எந்த உலோகம்? இந்தக் கேள்விக்குத்தான் மாஸ்டர் தன் ஆயுளைக் கொடுத்தார். வருகிறவர் எல்லோரும் மின்னுகிற உலோகத்தைத்தான் கேட்பார்கள். ஒருவர், "எவர்சில்வர்லயே போட்டுடுங்க மாஸ்டர், எங்க வீட்டுக் குடம் மாதிரி பளபளன்னு இருக்கணும்" என்றார். "குடத்தை அடுப்புல வெச்சு, தண்ணி ஊத்தாம எரிச்சுப் பார்த்துட்டு வாங்க. அந்தக் கலர் பிடிச்சிருந்தா போட்டுத் தர்றேன்" என்றார் இவர். இன்னொருவர் டைட்டானியம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். விமானத்திலேயே போடுகிறார்களாம். "பின்னாடி போற குழாய்க்குப் போடலாம் தம்பி. முன்னாடி இருக்கிற சூட்டுக்கு அது மொறுமொறுன்னு ஆயிடும். உதிர்ந்து விழுந்தா விமானம் மாதிரி பறக்கும், அவ்வளவுதான்."

சாதா இரும்பை அவர் கேவலமாகப் பேசியதே கிடையாது. தடிமனாகப் போட்டால் உழைக்கும், பற்றவைக்கச் சுலபம். ஆனால் சூட்டில் உள்ளே செதில் செதிலாக உரியும். அந்தச் செதில் போய் டர்போவின் இறக்கையை அடிக்கும். வார்ப்பிரும்பு பொறுமைசாலி. எவ்வளவு சுட்டாலும் வாய் திறக்காது. ஆனால் நம் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது, கனம் வேறு. எவர்சில்வரிலும் எல்லாம் ஒன்றில்லை. சாதா ரகம் கொதித்து ஆறி, கொதித்து ஆறி, பற்றவைத்த இடத்தில் சோர்ந்து போகும். டைட்டானியம் கொஞ்சம் சேர்த்த ரகம் அந்த இடத்திலும் சோராது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வெட்டின துண்டுகளை எல்லாம் காந்தம் வைத்துப் பார்த்துப் பிரித்துப் போட்டது நான்தானே! மாடியில் வீடு, கீழே பட்டறை. வேறு எங்கே போவேன்?

அந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. மாடிப்படி இறங்கினால் பட்டறைக்குள்தான் காலை வைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் புறப்பட்டாலும் கம்ப்ரசருக்கும் வெல்டிங் மேஜைக்கும் நடுவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தெருவுக்கு வர முடியும். என் மகள் அந்த வழியாகத்தான் மருதாணிக் கையோடு உள்ளே வந்தாள். என் பேத்தி அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனாள். ஒரு நாள் பாதி வழியில் நின்றுவிட்டாள், பள்ளிக்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் போடும் வெல்டிங் தையல் என் மாப்பிள்ளை போட்டதை விட அழகு. இதை நான் அவர் இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். "உங்க பேத்திய நீங்க என்னைக்கு விட்டுக் குடுத்தீங்க அத்தை" என்பார். உதட்டோரம் சிரிப்பு இருக்கும்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். வெள்ளை வைத்துவிட்டால் அது இனி அசையாது என்று அர்த்தம். "என் பட்டறையில இருந்து போன வண்டியில போல்ட் ஆடுச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும்" என்று மார் தட்டுவார். யாராவது சொன்னதுண்டா? சொல்லுங்கள்! யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெருமைதான் அவரை ஒரு முறை மாட்டிவிட்டது.

பல் டாக்டர் வண்டி. டாக்டர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அந்த வண்டிக்குத் தடித்த இரும்பு என்றார் மாஸ்டர். நல்ல ரக எவர்சில்வர் என்றாள் என் பேத்தி. டாக்டர் அவள் பக்கம் சாய்ந்தார். செய்து மாட்டினார்கள். கொஞ்ச நாளில் விரிசல். டர்போ கனம் தாங்கவில்லை என்று, எஞ்சினிலிருந்து டர்போவுக்கு ஒரு தாங்குசட்டம் அடித்து முறுக்கி, வெள்ளை வைத்தார். முன்னை விடச் சீக்கிரம் விரிசல். இன்னொரு சட்டம். இன்னும் இறுக்கம். இன்னொரு வெள்ளை. அதற்குப் பக்கத்திலேயே விரிசல்!

டாக்டர் வந்து நின்றார். "மாஸ்டர், என்கிட்ட வர்ற பல்லுகூட இத்தனை தடவை விரிசல் விடாது."

"பல்லுன்னா நீங்க பிடுங்கிடுவீங்க டாக்டர். நான் எதைப் பிடுங்குறது?"

சிரித்தார்கள். ஆனால் அவர் போனதும் மாப்பிள்ளை அந்த மேனிஃபோல்டைத் தரையில் போட்டு, "நன்றி கெட்ட உலோகம்" என்றார்.

"அது மேல தப்பு இல்லப்பா" என்றாள் என் பேத்தி. "இரும்பு ஒரு பங்கு நீண்டா இது ஒன்றரைப் பங்கு நீளும். சூடு ஏற ஏற அது நீளப் பார்க்குது. ஒரு பக்கம் எஞ்சின் பிடிச்சிருக்கு, இன்னொரு பக்கம் உங்க சட்டம் பிடிச்சிருக்கு. அதுக்குப் போக இடமே இல்ல. என்னதான் பண்ணும்? வெடிக்குது."

"பிடிக்கலைன்னா தொங்கிடும்டி!"

"தாங்குங்கப்பா. கட்டிப் போடாதீங்க."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

"சட்டத்துல போல்ட் போற துளையை நீளமாக்கணும். கனத்தை அது தாங்கும். நீளுற பக்கம் மட்டும் போல்ட் நகரட்டும்."

ஆடுகிற போல்ட்! அதுவும் மாஸ்டர் பட்டறையில்! சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. "அத்தை, உங்க பேத்திய என்னன்னு கேளுங்க. நான் இவ்வளவு நாள் சேர்த்த பேரை ஒரே துளையில விடச் சொல்றா" என்றார். "நீங்க பெத்ததுதானே, நீங்களே கேளுங்க" என்று நான் குழம்பை ஊற்றினேன்.

மறுநாள் காலையில் அரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. மெஷினில் போடவில்லை. கையில் அரத்தைப் பிடித்து, அந்த வட்டத் துளையை அவரே அராவி அராவி நீட்டிக்கொண்டிருந்தார். ஊதிப் பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார். மாட்டி முடித்ததும் வெள்ளை டப்பாவை எடுக்கவில்லை. பச்சை.

"வெள்ளை தீர்ந்துடுச்சா மாப்பிள்ளை?" என்றேன்.

"இல்ல அத்தை. இது நகர வேண்டிய போல்ட். தெரியாத எவனாவது வந்து, நல்லது பண்றதா நெனச்சு இறுக்கிடப் போறான். அதுக்குத்தான் வேற கலர்."

அந்த மேனிஃபோல்ட் அதற்குப் பிறகு விரிசல் விடவில்லை. டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்! தன் பெயரை விட வேலை பெரிது என்று நினைத்தவர் அவர். சொன்னது மகளாக இருந்தால் என்ன, வேறு யாராக இருந்தால் என்ன, சரி என்றால் சரி! அப்படி ஒரு மனிதரை எங்கே தேடுவோம்?

ஆனால் பெரியோர்களே, துளையை நீட்டத் தெரிந்த அந்த மனிதருக்குத் தனக்கென்று ஓர் இடம் விட்டுக்கொள்ளத் தெரியவில்லையே! நடக்கச் சொன்னார் வைத்தியர். நடப்பதற்கென்று ஷூ வாங்கினார். அந்த ஷூ பட்டறையைத் தாண்டவில்லை. படியிறங்குவார், யாராவது காத்திருப்பார்கள். "இந்த ஒரு வண்டி முடியட்டும் அத்தை" என்பார். அந்த ஒரு வண்டி யாருடையது? உங்களுடையதுதான்! உங்களுடையதும்தான்! இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் அந்த ஒரு வண்டியாக வந்து நின்றவர்கள்தானே!

அன்று மத்தியானம் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். கீழே வாசலை அடைத்துக்கொண்டு பல் டாக்டர் வண்டி நின்றது, வேறொரு வேலைக்கு வந்தது. சக்கரம் கழற்றியிருந்தது, தள்ளவும் முடியாது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. நாற்காலியைத் திருப்பினோம், சாய்த்தோம், கால் இடித்தது, திரும்பவும் தூக்கினோம். அந்த நிலைமையிலும் அவர் கண்ணைத் திறந்து, "பார்த்து, மேனிஃபோல்ட் இன்னும் சூடா இருக்கு. யாரும் கை வெச்சுடாதீங்க" என்றார். அதுதான் அவர் பேசின கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனோம். உள்ளே போகிற அவசியம் வரவில்லை.

டாக்டர், தலையைத் தூக்குங்கள். உங்கள் மேல் பழி இல்லை. அன்றைக்கு உங்கள் வண்டி, இன்னொரு நாள் இன்னொருவர் வண்டி. வழியே அதுதான் என்றால் வண்டி என்ன செய்யும்?

இப்போது தலைவர் கேட்ட இடத்துக்கு வந்துவிட்டேன்.

நேற்று அவர் போன பிறகு என் பேத்தியிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். "தெரியல பாட்டி" என்றாள். "பட்டறைய எனக்குப் பிடிக்கும். ஆனா பிடிச்சு இருக்கேனா, வேற வழியில்லாம இருக்கேனான்னு எனக்கே தெரியல. படி இறங்கினாலே அங்கதானே நிக்கிறேன்."

அதனால் என் உறுதிமொழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் நிற்கும் வண்டிகள் எல்லாம் முடியும். மாஸ்டரோடு வேலை பார்த்த வெல்டர்கள் முடிப்பார்கள். எந்த வண்டிக்கும் மினுமினுப்பைப் பார்த்து உலோகம் எடுக்க மாட்டோம், அது படப்போகும் பாட்டைப் பார்த்து எடுப்போம். துண்டுகளைக் காந்தம் வைத்து நான் பிரிப்பேன். மாஸ்டர் பெயர் பலகையில் இருக்கும். இதெல்லாம் உறுதி.

ஆனால் என் பேத்தி நிற்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். போவாள் என்றும் சொல்ல மாட்டேன். நல்லது பண்ணுவதாக நினைத்து யாரும் வந்து அவளை இறுக்காதீர்கள். துக்கத்தின் பெயரால் இறுக்காதீர்கள். அவள் அப்பா பெயரால் இறுக்கவே இறுக்காதீர்கள்! அவரே பச்சை வைத்துவிட்டுப் போன இடம் அது.

இன்னும் ஒன்று. கொத்தனார் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரை உடைத்து, தெருவைப் பார்த்து ஒரு வாசல் வைக்கப் போகிறோம். வேலை நாளைக்கு ஆரம்பம். இனிமேல் எங்கள் வீட்டிலிருந்து பட்டறைக்குப் போக வேண்டியவர்கள், போக வேண்டும் என்று நினைத்துத்தான் போக வேண்டும். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா வைக்கட்டும்?" என்று கேட்டார் கொத்தனார்.

உள்பக்கம் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.