மண் சிப்பாயின் காது

புருசெத் நிலையத்தில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு ஈழத்துப் பெண்களில் மூத்தவர் சொன்னார்:

“சீனாவிலை ஒரு மண் பொம்மையைப் பார்த்து அழுதிட்டன், தங்கச்சி.”

“உங்களுக்கென்ன விசரே அக்கா? டூர் போனால் படமெல்லே எடுக்கிறது!”

“எடுத்தனான். ராசா ஒருத்தன்ரை சமாதிக்குக் காவலா ஆயிரக்கணக்கிலை மண் சிப்பாய்கள். கிண்டி எடுக்கேக்கை நொருங்கிக் கிடந்ததாம். அங்கை வேலை செய்யிற ஒரு பெட்டை குனிஞ்சிருந்து காதுத் துண்டு ஒண்டைப் பொருத்திப் பார்க்கிறாள். ஒரு ஆளை ஒட்டி முடிக்கவே கனகாலம் எடுக்குமெண்டு கைட் சொன்னான்.”

“அதுக்கோ அழுதனீங்கள்?”

“ஊரிலை புதைகுழியிலை கிண்டி எடுத்த எலும்புகளிலை, காணாமல் போன என்ரை மனுசன் இருக்கிறாரோ எண்டு டி.என்.ஏ. பொருத்திப் பார்க்க மகளின்ரை ரத்தம் கேட்டவை. நான்தான் விடேல்லை. குடுத்தால் அவர் செத்திட்டாரெண்டு நானே சொன்ன மாதிரி. இவ்வளவு வருஷமும் பொட்டோடைதானே இருக்கிறன்.”

இளையவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிலையங்கள் போயின.

“மண்ணுக்கே அந்தப் பெட்டை அவ்வளவு பொறுமையாக் குந்தியிருக்கிறாள். நான் என்ரை ஆளைத் தேடவிடாமல் மறிச்சு வைச்சிருக்கிறன்.”

“இனி ரத்தம் குடுக்கலாமெண்டு மகளுக்குச் சொல்லிட்டியளோ?”

“இல்லை. இப்ப அவளின்ரை வீட்டைதான் போறன். நீயும் வா. தனியச் சொல்ல எனக்கு வாய் வராது.”